உன் கைமேல் பழகிய எஃப் கார்ட்

இன்று காலை கிள்ளானில் ரயில் ஏறி உட்கார்ந்ததும், எதிர் இருக்கையில் இருந்த பெண் கைப்பையைத் திறந்து ஒரு தைலக் குப்பியை எடுத்தாள். இரண்டு சொட்டு விரலில் தொட்டுத் தொண்டையில் தடவிக்கொண்டாள். பெண்கள் பெட்டியின் ஏர்கோன் குளிரில் அந்த வாசனை எல்லார் மீதும் பரவியது. நான் சட்டென்று இடது பக்கம் திரும்பினேன். அங்கே கல்லூரி மாணவி ஒருத்தி வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

நீ போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. ஆனாலும் நீ தடவிக்கொள்ளும் அந்தத் தைல வாசனை வந்தால் நீ உட்காரும் பக்கம் என் கழுத்து தானாகத் திரும்பிவிடுகிறது. அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது சிரிப்புதான். எதிரில் இருந்தவள் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று நினைத்துக் குப்பியை மூடி உள்ளே வைத்துவிட்டாள். பாவம். உன் முன்கையில் விழுந்த சிவப்புக் கோடுகளை நினைத்துத்தான் சிரித்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

எத்தனையோ வருடங்கள் இதே ரயிலில் நீயும் நானும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். கே.எல். சென்ட்ரலில் இறங்கி பிரிக்பீல்ட்ஸுக்குள் நடப்போம். நீ வக்கீல் அலுவலகத்துக்கு, நான் அதற்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் பல் மருத்துவரின் முன்மேசைக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் கிள்ளானில் நம் சின்னச் சபையில் நீ முன்னால் நின்று பாடுவாய், நான் உன் பின்னால் உட்கார்ந்து கிட்டார் வாசிப்பேன்.

வாசிப்பேன் என்றா சொன்னேன்? இளைஞர் கூட்டத்தில் பதினெட்டு வயதில் கற்ற ஜி, சி, டி, ஈ மைனர், கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் நாலு பிடிகள். அந்த நாலு கார்டை வைத்துக்கொண்டுதான் நாற்பத்தாறு வயது வரைக்கும் ஓட்டினேன். எஃப் வந்தால் கையைத் தூக்கிவிடுவேன். ஆள்காட்டி விரலை ஆறு கம்பிகள் மீதும் குறுக்கே படுக்க வைத்து அழுத்த வேண்டிய கார்ட் அது. என் விரலுக்கு அது ஒருநாளும் வசப்பட்டதில்லை. கிட்டார் மௌனமாகும் அந்த நொடியில் நீ குரலை ஓங்கி எடுப்பாய். பின்வரிசையில் இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. உன் குரல் அப்படி. ஒரு மண்டபத்தையே மூடிவிடும்.

அந்தக் குரல்தான் போனது.

தொண்டையில் கட்டி என்று தைராய்டு அறுவை செய்தார்கள். கட்டியை எடுத்தாகிவிட்டது, உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். நாங்கள் எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னோம். நீ முதல்முறை வாயைத் திறந்தபோது காற்றுதான் வந்தது. குரல் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது, கொஞ்சம் திரும்பும், பழையபடி ஆகாது என்றார் டாக்டர். சில மாதங்களில் பேச்சு வந்தது. ஆனால் கீழே, ரொம்பக் கீழே. பாட எடுத்தால் முதல் சரணம் வரை தாங்கும். அதன்பின் படி இறங்குவதுபோல இறங்கிவிடும்.

நீ யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை குழுவோடு நின்று வாயை மட்டும் அசைத்தாய். மற்றவர்கள் நீ பாடுவதாகவே நினைத்தார்கள். உன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் தெரியும், உன் விலா அசையவே இல்லை.

அந்த நேரத்தில்தான் உன் மகள் ரேச்சலுக்குக் கல்யாணம் நிச்சயமானது. உங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாண விருந்தில் பெண்ணின் அம்மா நின்று ஒரு வாழ்த்துப் பாட்டுப் பாட வேண்டும். கேரி தீவில் எஸ்டேட்டில் உன் பாட்டி உன் அம்மாவுக்குப் பாடியிருக்கிறார். உன் அம்மா உனக்குப் பாடினார். அந்தக் கல்யாணத்தில் நான் இருந்தேன், கேட்டேன்.

உன் வீட்டுச் சமையலறையில் அன்று நடந்தது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. உன் அக்கா நல்ல மனதோடுதான் சொன்னார். "நீ சிரமப்படாத. உன் பழைய குரல் என் போன்ல இருக்கு. ஆபரேஷனுக்கு முன்னாடி கிறிஸ்மஸ்ல இதே பாட்டப் பாடுனதுலா. அதையே ஸ்பீக்கர்ல போட்டுடலாம். நீ சும்மா மைக்கப் புடிச்சு நில்லு."

நீ தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டிருந்தாய். குவளையை வைத்தாய்.

"நான் செத்துட்டேனாக்கா, ரெக்கார்ட் போடறதுக்கு?"

நீ என் பக்கம் திரும்பினாய். "இவ வாசிப்பா. நான் பாடுவேன்."

சபையில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த தம்பி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அவன் இருந்திருந்தால் ஒரு பொத்தானை அழுத்திச் சுருதியை மாற்றியிருப்பான். இப்போது இருப்பது நானும் என் நாலு கார்டும். அந்தப் பாட்டை நாம் எப்போதும் ஜி-யில்தான் வாசிப்போம். உன்னால் இப்போது ஜி-யில் ஒரு சரணம் பாட முடியும். அடுத்த சரணத்தில் உன் குரல் எஃப்-க்கு இறங்கிவிடும். நான் இருபத்தெட்டு வருடமாகத் தப்பித்து ஓடிய அதே எஃப்.

மறுநாள் மதிய இடைவேளையில் நீ என்னைப் பிரிக்பீல்ட்ஸ் இசைக்கருவிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாய். கிட்டாரின் கழுத்தில் மாட்டும் ஒரு கிளிப்பைக் கடைக்காரர் எடுத்துக் காட்டினார். கேப்போ என்றார். சுருதியை ஏற்றிக்கொள்ளலாம், நாலு கார்டே போதும். எனக்கு நிம்மதி. நீதான் கேட்டாய்.

"பாட்டுக்கு நடுவுல கீழ எறங்கணும்னா?"

"கழட்டி மாட்டணும் அக்கா. பாட்டுக்கு நடுவுல கஷ்டம்லா." அவர் சுவரில் தொங்கிய ஒரு கிட்டாரை எடுத்தார். கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள் பிரிக்கும் கட்டங்களில் மூன்றாவதில் ஆள்காட்டி விரலைப் படுக்க வைத்தார். மற்ற மூன்று விரல்களும் அதற்கு முன்னால் ஒரு வடிவமாக அமர்ந்தன. "இது ஜி." கை வடிவம் கலையாமல் அப்படியே இரண்டு கட்டம் கீழே நகர்த்தினார். "இது எஃப். அதே கைதான் அக்கா. இந்த மாதிரி ரெண்டு வடிவம் கைக்கு வந்துட்டா எல்லாப் பாட்டையும் எந்தச் சுருதிக்கும் நகத்தலாம்."

"ஒரே கைதானாம்டி," என்றாய் நீ, ஏதோ லாட்டரி விழுந்ததுபோல. "நீ புதுசா ஒண்ணும் படிக்க வேணாம். நகந்தா போதும்."

பாடுகிறவளுக்கு என்ன, சுலபமாகச் சொல்லிவிட்டாய்.

வீட்டில் அழுத்திப் பார்த்தேன். நனைந்த அட்டைப்பெட்டியைத் தட்டினால் வருமே, அந்தச் சத்தம்தான் வந்தது. டப், டப். ஆறு கம்பியில் இரண்டு பேசும், நாலு முனகும். மணிக்கட்டு வலித்தது, கட்டைவிரலின் அடியில் தசை பிடித்துக்கொண்டது. கூடத்தில் இருந்து என் வீட்டுக்காரர் கேட்டார், "கிட்டார் கெட்டுப்போச்சா?" இரண்டாவது வாரம் ரயிலில் உன்னிடம் சொன்னேன், "எனக்கு வரல. இந்த வயசுல வெரல் வளையாது. உன் அக்கா சொன்னதையே செஞ்சிடலாம்."

பாடாங் ஜாவா நிலையத்தில் ரயில் நின்றிருந்தது. நீ உன் சட்டைக் கையை மடித்து, முன்கையை என் மடியில் நீட்டினாய்.

"அழுத்து."

"என்னது?"

"இது கிட்டார். எப்படி அழுத்துறியோ அப்படி அழுத்து. எங்க தப்புன்னு நான் சொல்றேன்."

கூச்சமாக இருந்தது. ஆனாலும் அழுத்தினேன். நீ கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாய். டாக்டர் நாடி பார்ப்பதுபோல.

"ஆரம்பம் இருக்கு. கடைசி இருக்கு. நடுவுல ஒண்ணுமே இல்ல."

நான் விரலைப் பார்த்தேன். உண்மைதான். ஆள்காட்டி விரலின் உட்புறம் சதை. மடிப்பு விழும் இடங்களில் பள்ளம். நடுக் கம்பிகள் அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. இத்தனை வருடம் இன்னும் பலமாக அழுத்த வேண்டும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"வெரல கொஞ்சம் சாய்ச்சு வை. கட்டவெரல் பக்கமா. எலும்பு படட்டும்... ஆ, இப்ப நடுவுலயும் இருக்கு! இரு இரு, தோள ஏன் தூக்குற? பஸ்ல தொங்குற மாதிரி. எறக்கு. முழங்கைய ஒடம்போட ஒட்டி வை."

எதிரில் இருந்த வயதான மலாய் அம்மா, ஒரு மக்சிக், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஊருட் கே?" என்று கேட்டார். மசாஜா என்கிறார், நான் உனக்குக் கை பிடித்துவிடுகிறேன் என்று நினைத்துவிட்டார். நீ தலையாட்டி, மலாயில் அவரிடம் சொன்னாய், இல்லை மக்சிக், என் மகள் கல்யாணத்துக்கு இவள் கிட்டார் பழகுகிறாள் என்று. அவர் புரிந்ததோ இல்லையோ, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

அதன்பின் அது தினசரி வேலையாகிவிட்டது. போகும்போது ஒரு வடிவம், வரும்போது இன்னொரு வடிவம். பந்தாய் டாலாம் நிலையம் தாண்டும் வரை உன் முன்கை என் கிட்டார். உன் அலுவலகத்தில் யாரோ உன் கையில் இருந்த சிவப்புக் கோடுகளைப் பார்த்துவிட்டு, வீட்டில் எதுவும் பிரச்சினையா என்று தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்களாமே. அதை நீ சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். அறுவைக்குப் பிறகு உன் சிரிப்புச் சத்தத்தை நான் கேட்டது அன்றுதான். கரகரவென்று, கீழே எங்கிருந்தோ வந்தது. எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. சொன்னேன். "ஆம்பள மாதிரி இருக்குடி," என்றாய். "இருக்கட்டும். கேட்க நல்லா இருக்கு," என்றேன். மறுநாள் காலை, ரயிலில், என் காதோரம் மெல்ல அந்த வாழ்த்துப் பாட்டை முனகினாய். புதுக் குரலில், முதல் முறையாக.

ஒரு சனிக்கிழமை மதியம் உன் சமையலறையில் அது நடந்தது. நீ நெத்திலி சம்பல் கிண்டிக்கொண்டிருந்தாய். நான் முதல் கட்டத்தில் விரலைப் படுக்க வைத்தேன். கழுத்தின் நுனியில் கம்பிகள் ரொம்ப இறுக்கமாக இருக்கும். இப்படி விரலைக் குறுக்கே படுக்க வைக்கும் பார் கார்டுக்கு அதுதான் மிகக் கடினமான இடம். விரலைச் சாய்த்தேன், தோளை இறக்கினேன். ஒவ்வொரு கம்பியாகத் தட்டினேன். முதல் கம்பி பேசியது. இரண்டாவது பேசியது. நடுவில் இருக்கும் இரண்டும் பேசின. கடைசிக் கம்பி வரைக்கும் ஒரு முனகல் இல்லை. பிறகு ஆறையும் சேர்த்து மீட்டினேன். எஃப்! முழு எஃப், சமையலறைக் கண்ணாடி ஜன்னல் அதிர.

நீ கரண்டியோடு திரும்பினாய். "ஆறும் பேசிடுச்சு!"

"ஆறும் பேசிடுச்சு!"

இரண்டு பேரும் கத்திய கத்தலில் மாடியில் இருந்து ரேச்சல் ஓடி வந்தாள். சம்பல் அடிப்பிடித்துவிட்டது. அன்று அதைத்தான் சாப்பிட்டோம். கரிந்த சம்பல் அவ்வளவு ருசியாக இருந்தது அன்று ஒருநாள்தான்.

பிறகு நகர்வதைப் பழகினோம். நீ பாடிக்கொண்டே வருவாய். குரல் களைக்கிறது என்று தெரிந்தால் உள்ளங்கையை லேசாகக் கீழே இறக்குவாய். நான் வடிவம் கலையாமல் மூன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்க வேண்டும். ஜி-யிலிருந்து எஃப்-க்கு. இறங்கும்போது சத்தம் அறுந்துபோகக் கூடாது. முதலில் லோரி பள்ளத்தில் இறங்கியதுபோல இருந்தது. போகப் போக நீ கை இறக்கும் முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிடும். நீ மூச்சு எடுக்கும் விதத்திலேயே.

கல்யாண நாள். காலையில் சபையில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. மாலையில் கிள்ளான் மண்டபத்தில் விருந்து. உன் பெயரை மைக்கில் கூப்பிட்டதும் நான் முதலில் பார்த்தது ஒலி அமைப்பு மேசையைத்தான். அங்கே உன் அக்கா போனைக் கையில் பிடித்தபடி நின்றார். உன் பழைய குரல் அதில் தயாராக இருந்தது. நீ தடுமாறினால் அவர் அழுத்திவிடுவார். அன்பால்தான். ஆனால் அப்படி நடந்தால் அதன்பின் நீ வாயே திறக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

என் கை வேர்த்தது. பட்டுப்புடவையில் துடைத்துக்கொண்டேன். மூன்றாம் கட்டத்தில் விரலைப் படுக்க வைத்தேன்.

நீ தொடங்கினாய். மண்டபத்தில் சலசலப்பு. உன்னைத் தெரிந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் எதிர்பார்த்த குரல் அது இல்லை. அது அகலமாக, மணல் கலந்து, நிதானமாக வந்தது. தட்டுகளின் சத்தம் ஒவ்வொரு மேசையாக அடங்கியது. முதல் சரணம் முடிந்தது. இரண்டாவதில் ரேச்சலின் பெயரைச் சேர்த்துப் பாடும் இடத்தில் உன் மூச்சு மாறியது. உன் கை இறங்கியது. நான் நகர்ந்தேன். மூன்றிலிருந்து ஒன்றுக்கு. எஃப் முழுசாக ஒலித்தது. நீ அதன்மேல் கால் வைத்து இறங்கிவிட்டாய். ஒரு நூலும் அறுந்துபோகவில்லை.

உன் அக்காவைப் பார்த்தேன். போனைப் பிடித்த கை இன்னும் மேலேயே இருந்தது.

கடைசிச் சரணத்துக்கு முன்னால் நான் மட்டும் வாசிக்கும் இடம் ஒன்று. நீ அங்கே மூச்சு வாங்கினாய். மேடைக்குக் கீழே நின்ற ரேச்சலைப் பார்த்தாய். அவள் அழுதுகொண்டே உன்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்போது நீ ஒன்று செய்தாய். நாம் ஒருநாளும் பழகாத ஒன்று. உள்ளங்கையை மேலே தூக்கினாய்.

மேலே! ஏறுவதை நாம் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் கை தானாகப் போனது. அதே வடிவம்தானே. கீழே வந்த வழியில் மேலே போக வேண்டியதுதானே. ஒன்றிலிருந்து மூன்றுக்கு ஏறினேன். நீ ஏற்கெனவே அங்கே நின்றிருந்தாய். தலையைப் பின்னால் சாய்த்து, அந்தக் கரகரத்த குரலை முழுசாகத் திறந்துவிட்டாய். பழைய குரல் மண்டபத்தை மூடும். இந்தக் குரல் மண்டபத்தை எழுப்பி நிறுத்தியது. முதலில் எழுந்து நின்றவர் உன் அக்காதான். போனைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு இரண்டு கையாலும் தட்டினார்.

கைதட்டல் அடங்கியதும் விருந்துக்கு வந்திருந்த இசைக்குழுவின் கீபோர்டு பையன் என்னிடம் ஓடி வந்தான். "அக்கா, செம அரேஞ்ச்மென்ட் லா! நடுவுல எறக்கி, கடைசில ஏத்துனீங்களே, யாரு ஐடியா?"

நீ மைக்கை வைத்துவிட்டுப் பின்னால் வந்து நின்றாய். "எங்க ஐடியாதான் தம்பி," என்றாய் கொஞ்சமும் கூசாமல்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையில் இருந்து நீ மறுபடி முன்னால் நின்று பாடினாய். கீழ்ச் சுருதியில், தலை நிமிர்ந்து. இரண்டு வருடம் அப்படிப் பாடினாய். அது நமக்குக் கிடைத்தது. பிறகு நோய் வேறு இடத்தில் திரும்பி வந்தது. இந்த முறை டாக்டர்களால் முடியவில்லை. கடைசி வாரம் மருத்துவமனையில் உனக்குப் பேச்சு குறைந்துவிட்டது. நான் கிட்டார் கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்து, போர்வைக்கு வெளியே கையை நீட்டினாய். மெலிந்திருந்தது. நான் வலிக்காமல் விரலைப் படுக்க வைத்தேன். "நடுவுல இருக்கு," என்றாய், காற்றாக. அவ்வளவுதான் பேசினாய் அன்று.

ஒன்று சொல்ல வேண்டும். உனக்குப் பிறகு கிட்டாரை மூடி வைத்துவிடுவேன் என்று பலர் நினைத்தார்கள். நான் வைக்கவில்லை. இப்போதெல்லாம் யார் பாட வந்தாலும் என்ன சுருதி என்று நான் கேட்பதில்லை. நீங்கள் ஆரம்பியுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். அவர்கள் மூச்சு எடுப்பதைப் பார்ப்பேன், பிறகு போவேன்.

போன வெள்ளிக்கிழமை கிள்ளானில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம். மனைவியை இழந்த ஒரு பெரியவர் வந்திருந்தார். எல்லாரும் ஆளுக்கொரு பாட்டுப் பாடும்போது அவர் மட்டும் தலையைக் குனிந்திருந்தார். கேட்டதற்கு, "என் கொரலு யாரோடயும் சேராதும்மா. ஸ்கூல்லயே வாய மூடச் சொல்லிட்டாங்க," என்றார். "ஆரம்பிங்க அங்கிள்," என்றேன். தயங்கித் தயங்கி ஒரு வரி எடுத்தார். ஊரில் இல்லாத சுருதி அது. ஒரு கட்டம் தேடினேன், தப்பு. அடுத்த கட்டத்தில் அவர் இருந்தார். கிட்டார் தன்னோடு சேர்ந்ததும் அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதன்பின் முழுப் பாட்டையும் பாடி முடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"எப்படிம்மா கண்டுபுடிச்ச?"

"என் கூட்டாளி ஒருத்தி சொல்லிக் குடுத்தா அங்கிள்."

"அவங்க நல்லா கிட்டார் வாசிப்பாங்களோ?"

"இல்ல அங்கிள். அவளுக்கு ஒரு கார்டுகூடத் தெரியாது."

அவர் சிரித்துவிட்டார். பிறகு யாரும் கேட்காமலே தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த பாட்டை எடுத்தார், முதல் பாட்டைவிடச் சத்தமாக. நான் கையை நகர்த்தினேன்.